அரப்பு வண்டியில் யார் பேர்?

அத்தியாயம் ஒன்பது

"அக்கா, இறங்கு! பெயிண்டோட தகரமும் கழண்டு கையில வந்துரும்!"

சௌந்திரம் இறங்கவில்லை. கவிழ்த்துப் போட்ட சாதிக்காய்ப் பெட்டியின் மேல் நின்றுகொண்டு, மண்ணெண்ணெயில் முக்கிய தேங்காய் நாரால் வண்டியின் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை பச்சையும் மஞ்சளும் வழிந்தன.

"வரட்டும். தகரம் வந்தா அடிச்சுக்கலாம். இந்தப் பேரு என் வண்டியில ஒரு நாழி இருக்கப்படாது."

"விடிஞ்சும் விடியாம ஊரே வேடிக்கை பாக்குதுக்கா" என்றான் தம்பி ராசப்பன்.

"பாக்கட்டும்! மூணு மாசமா இந்த வண்டியைப் பார்த்துப் பல்லிளிச்ச ஊருதானே?"

அது பழைய ஷெவர்லே. பஸ்ஸாக ஓடி ஓய்ந்ததை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, பச்சை அடித்து, தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் அரப்புத் தூள் விற்கிற வண்டியாக்கியிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் தமிழில் 'சுத்தமான உசில் அரப்பு'. நடுவில் கூந்தலை முழங்கால் வரை அவிழ்த்துவிட்ட பெண்ணின் படம். படத்துக்குக் கீழே இங்கிலீசில் இரண்டு வரி. முதல் வரி பேர். இரண்டாவது வரி ஊர்.

அந்த முதல் வரியைத்தான் அவள் உரித்துக்கொண்டிருந்தாள்.

சங்ககிரி மலையடிவாரத்து உசில மரத் தழையை நிழலில் உலர்த்தி, இடித்து, துணியில் சலித்துப் பொட்டணம் கட்டி விற்கும் தொழில் அவர்களுடையது. தை மாதம் தழை முறிக்க மரமேறிய அவள் புருஷன் கிளை முறிந்து விழுந்தார். மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய காலோடு அன்று கட்டிலில் படுத்தவர் இன்னும் எழவில்லை. மாசியில் சௌந்திரமே தம்பி ராசப்பனைக் கூட்டிக்கொண்டு சேலம் போய் வண்டிக்கு எழுத்து எழுதச் சொன்னாள். வண்டியைப் பார்க்கிறவர்கள் விலாசத்துக்குக் கார்டு போடுவார்கள், வெளியூர்க் கடைகளுக்கு ரயிலில் சரக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டாள்.

ஒரு கார்டுகூட வரவில்லை.

வந்தது ஜலகண்டாபுரத்துக் கடைக்காரர் காளியப்பன்தான். போன வாரம் நேரில் வந்து, ஒரு பொட்டணத்தை அவள் வாசலில் விட்டெறிந்தார். "என் மகள் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டீங்களே!" என்று கத்தினார். பொட்டணத்தில் இருந்தது பாதி ஏரி மண், பாதி ஏதோ தழை. அதைச் சௌந்திரம் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவர் கார்டு போட்டது வண்டியில் கண்ட விலாசத்துக்கு. சரக்கு வந்ததும் அந்த விலாசத்திலிருந்து.

நேற்று ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா அந்த இங்கிலீசு வரியை எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னார். அப்போதுதான் விஷயம் உடைந்தது.

வண்டியில் இருந்த பேர் செங்கோட்டையன் இல்லை. செங்கோடன்.

புருஷன் பேர் இல்லை. புருஷனின் தம்பி பேர்.

யார் செய்த தப்பு? ராத்திரி முழுக்க அதைத்தான் அவள் மென்றுகொண்டு கிடந்தாள். எழுத்துக்காரர் அங்கமுத்து அன்று கேட்டது அவளைத்தான். "ஊட்டுக்காரர் பேர் என்னங்கம்மா?" ராசப்பன் அந்த நேரம் பட்டறைக்குப் போய் ஆக்ஸில் பட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றான். புருஷன் பேரை அவள் எப்படிச் சொல்வாள்? "திருச்செங்கோட்டு மலையில நிக்கறாரே, அந்தச் சாமி பேருங்க" என்றாள். அங்கமுத்து தலையாட்டினார்.

மலைச்சாமி பேரை அண்ணனுக்கும் வைத்திருந்தார்கள், தம்பிக்கும் வைத்திருந்தார்கள். அது அங்கமுத்துவுக்கு எப்படித் தெரியும்?

தன் வாயைத் தானே கிள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. நாரை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"என்னங் நங்கையா, காலங்காத்தால என்ற பேரைப் போட்டு இந்தத் தேய் தேய்க்கறீங்?"

சைக்கிள் மணி. வெள்ளை ஜிப்பா. செங்கோடன் ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிளில் உட்கார்ந்தபடியே சிரித்தான். அண்ணன் பெண்டாட்டியை அந்தப் பக்கத்தில் கூப்பிடுகிற முறையில்தான் கூப்பிட்டான். அந்த வார்த்தையில் மட்டும்தான் மரியாதை இருந்தது.

சௌந்திரம் திரும்பினாள். "கார்டெல்லாம் எங்கே?"

"எந்தக் கார்டுங்?"

"மூணு மாசமா வந்த கார்டு! ஜலகண்டாபுரத்துல இருந்து, ராசிபுரத்துல இருந்து, வெண்ணந்தூர்ல இருந்து!"

"அதா? அதெல்லாம் என்ற பேருக்கு வந்ததுங். தபால்காரர் என்ற கையில குடுத்தாரு, வாங்கிக்கிட்டேன். மத்தவன் பேருக்கு வந்ததைப் பிரிச்சாத்தான் தப்பு. என் பேருக்கு வந்ததைப் படிக்க உங்ககிட்டக் கேக்கோணுமா?"

"படிச்சே, சரி. அதுக்கு என்னத்தை அனுப்பிச்சே?"

"அரப்புத்தானுங்."

"அரப்பா அது? ஏரி மண்ணை அள்ளி, எந்தக் கருமாந்திரத் தழையையோ இடிச்சுக் கலந்து! அந்தப் புள்ளைக்குத் தலைமயிரு சிக்குப் புடிச்சு, பாதியை வெட்டி எறிஞ்சாங்களாம். உனக்குப் பொட்டப்புள்ளை பொறந்தா அதும் தலையில தேச்சு விடுவியா?"

செங்கோடன் சிரிப்பை விடவில்லை. "மொதல் தரம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். போகப் போகப் பளகிரும். இந்த வண்டியும் பளகிரும்."

"வண்டியா?"

"என்ற பேரு இருக்கிற வண்டி என்ற வண்டிதானுங்? நாளைக்குத் திருச்செங்கோட்டுத் தேருக்கு நானே ஓட்டிட்டுப் போலாம்னு இருந்தேன். நீங்க என்னடான்னா தேய்ச்சுக் கெடுக்கறீங்."

ராசப்பன் வண்டியின் முன்பக்கம் போய் ஸ்டார்ட் பண்ணும் ஹாண்டிலை உருவி எடுத்தான். "இறங்குடா சைக்கிளை விட்டு. இறங்கிட்டு அந்த நாயத்தைத் திருப்பிச் சொல்லு."

"ராசப்பா, வேண்டாம்" என்றாள் சௌந்திரம்.

"உங்க தம்பியைச் சித்தப் புடிச்சு வையுங் நங்கையா. ஹாண்டில் தூக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. பேரு நானா எழுதினேன்? நீங்க சொல்லித்தானே எழுதினாங்க? ஊட்டுக்காரன் பேரைச் சொல்ல வாய் வராதவங்களுக்கு யாவாரம் எதுக்கு?"

ராத்திரி அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது.

பதில் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

"எவண்டா அவன், என்ற ஊட்டு வாசல்ல நின்னு பேசறது?" இடி விழுந்த மாதிரி குரல். தொடர்ந்து ஒரு பித்தளைச் சொம்பு ஜன்னல் கம்பியில் மோதி 'ணங்'கென்றது. "எந்திரிச்சு வந்தேன்னா கண்டதுண்டமா வெட்டிப் போடுவேன்! கூடப் பொறந்தவன்னு பாக்கமாட்டேன்! மண்ணைப் பொட்டணம் கட்டி விக்கற நாயி!"

செங்கோடனின் சிரிப்பு சட்டென்று அணைந்தது. அண்ணனுக்குப் பயந்தான் என்றே சௌந்திரம் நினைத்தாள். அவன் ஜன்னலை ஒரு தினுசாகப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அதை முழுங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டான்.

*

உள்ளே செங்கோட்டையன் கட்டிலில் பாதி எழுந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. சிம்பு வைத்த கால் ஒரு கட்டைபோல நீட்டிக்கொண்டு கிடந்தது.

"போயிட்டானா?"

"போயிட்டாருங்க."

"அவனுக்கு மண்ணுதான் கெடச்சுதா? இருபது வருசமா துணியில சலிச்சு வித்த சரக்கு. அதுல மண்ணு!" தொடையில் அறைந்துகொண்டார். அந்தக் கோபத்தில் பொய் இல்லை. சௌந்திரத்துக்கே கண் கலங்கிவிட்டது.

"நீங்க ஒதறாதீங்க, கட்டு நகர்ந்துரும். நான் சேலத்துக்குப் போயிட்டு வாரேன்."

"சேலத்துக்கா? எதுக்கு?"

"எழுத்தை மாத்தத்தான். அங்கமுத்துகிட்ட."

செங்கோட்டையன் கால்கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு சாவதானமாகச் சொன்னார்: "இன்னிக்கு என்ன அவசரம்? தேர் முடியட்டுமே."

"தேருக்குத்தானுங்க வண்டி! நாளைக்கு எத்தனை ஊரு ஜனம் அங்கே கூடும்? வருசத்துல ஒரு நாளு. பொட்டணம் வாங்கிட்டுப் போறவங்க, தீந்து போச்சுன்னா எங்கே கேப்பாங்க? கார்டு எங்கே போடுவாங்க?"

"படம் இருக்குதல்ல? படத்தைப் பார்த்து அடையாளம் வெச்சுக்குவாங்க. விலாசமே வேண்டாம்."

"படத்துக்குக் கார்டு போடுவாங்களாக்கும்!"

"அப்போ இங்கேயே ஆராச்சையும் கூப்பிட்டு எழுதிக்கோ. அங்கமுத்து வேண்டாம்."

"இங்கே யாருங்க இருக்கறாங்க? செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கறவன்தான் இருக்கறான். அவனை விட்டு எழுதச் சொன்னா படத்துல இருக்கிற பொம்பளைக்கு மீசை வெச்சுப்போடுவான்."

செங்கோட்டையன் சிரிக்கவில்லை. குரல் உயர்ந்தது. "நான் சொன்னா கேக்கமாட்டியா நீ? எல்லாம் உன்னால வந்த வெனை! கட்டினவன் பேரை ஒளுங்கா ஒருத்தன்கிட்டச் சொல்லத் துப்பில்லை. மலைச்சாமியாம், மலைச்சாமி! இப்ப மறுபடியும் போயி எந்தச் சாமியைக் காட்டிக் குடுப்பே?"

சௌந்திரம் நிமிர்ந்தாள்.

"சொன்னா உங்க ஆயுசு குறைஞ்சிரும்னு கல்யாணத்தன்னிக்கு என்ற வாயைப் பொத்துனது உங்க ஆத்தாதானுங்க! பதினாறு வருசமா ஒரு தரம் சொன்னதில்லை. உங்க தம்பி பேரும் அதே மாதிரி இருக்குதுன்னு அதையும் சொன்னதில்லை. 'சின்னவரு, சின்னவரு'ன்னே சொல்லிட்டு இருந்தேன். அதுக்குக் கூலி இதுதானுங்களா?"

"வாயை அடக்கு!"

"அடக்கி அடக்கித்தான் இங்கே வந்து நிக்குது!"

விறுவிறுவென்று வெளியே வந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. "ராசப்பா, எடு வண்டியை."

பின்னால் செங்கோட்டையன் கத்துவது கேட்டது. "போகாதே! ஏ புள்ளே, போகாதேன்னா!" காலொடிந்த மனுஷன் வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டிவருகிறதே என்ற எரிச்சல் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

*

மகுடஞ்சாவடி தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்தது. கிணற்றடியில் வண்டியை நிறுத்தி ராசப்பன் தண்ணீர் மொள்ளப் போனான். துணி துவைத்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் வண்டியைப் பார்த்து எழுந்து வந்தார்கள்.

"சௌந்திரத்து அரப்பு வண்டிதானுங்களே இது?"

சௌந்திரம் திகைத்தாள். "என்ன சொன்னீங்க?"

"சௌந்திரத்து அரப்புங். எங்க பக்கமெல்லாம் அப்பிடித்தான் சொல்றது. சந்தையில ஒரு அம்மா அவிங்களே நின்னு, கையில எடுத்துத் தேச்சுக் காட்டிக் குடுப்பாங்களாமே, அவிங்க பேரு" என்றாள் ஒருத்தி. அவள் பேர் முத்தாயம்மாள் என்று பிறகு சொன்னாள். "எங்க நாத்தனா சங்ககிரிச் சந்தையில வாங்கியாந்தா. தீந்து போச்சு. எங்கே கேக்கறதுன்னு தெரியலைங். வண்டியில என்னமோ எழுதியிருக்குது, நமக்கு அது எங்கே புரியுது?"

"இங்கிலீசுங்க அது."

"அரப்பு தேய்க்கறது நாங்க. இங்கிலீசு யாருக்குங்?"

பெண்கள் சிரித்தார்கள். சௌந்திரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ கன்னத்தில் அறைந்து எழுப்பினாற்போல் இருந்தது.

நாலு பொட்டணம் எடுத்துக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். சேலம் வந்து சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ராசப்பன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். அக்காள் பேசாமல் இருந்தால் அவனுக்குப் பயம்.

*

செவ்வாய்ப்பேட்டையில் அங்கமுத்துவின் கொட்டகை. உள்ளே ஒரு நாடகக் கம்பெனியின் திரைச்சீலையும், பாதி எழுதிய சோடாக் கடைப் பலகையும் காய்ந்துகொண்டிருந்தன. அங்கமுத்து காதில் பிரஷ் செருகிக்கொண்டு வந்தார். வண்டியின் விலாவைப் பார்த்ததும் பதறினார்.

"அடடா! இப்படியா போட்டுச் சுரண்டுவாங்க? என் எழுத்துங்கம்மா அது! மூணு கோட்டிங்!"

"உங்க எழுத்துத்தான் என்ற குடியைக் கெடுத்துச்சு. அந்த நாயம் அப்பறம். சாயங்காலத்துக்குள்ள மாத்தி எழுதிக் குடுக்கோணும். நாளைக்குத் தேரு."

அங்கமுத்து அவள் முகத்தைப் பார்த்தார், ராசப்பனைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் கேட்காமல் கலர் டப்பாவைத் திறந்தார். வேலைக்காரர் வேலைக்காரர்தான். எழுத்து என்றதும் பேச்சு மாறிவிட்டது.

"செய்யலாங்கம்மா. செய்யறதோட இந்தத் தடவை நாகரிகமாவே செஞ்சிருவோம். இப்போ சேலத்துல ஓடற கம்பெனி வண்டியெல்லாம் டெலிபோன் நம்பர் போடறாங்க. வட்டமா ஒரு சக்கரம் போட்டு, நடுவுல நம்பர். பார்வையா இருக்கும்."

"எங்க ஊட்டுல டெலிபோன் ஏதுங்க?"

"யாராச்சும் மில்லுக்காரர் தெரிஞ்சவர் இருந்தா அவரு நம்பரைப் போட்டுக்கறது."

"சரிதான். முத்தாயம்மா கிணத்தடியில இருந்து டெலிபோன் அடிப்பா. மில்லுக்காரர் பஞ்சை எறக்கி வெச்சிட்டு அரப்பைத் தூக்கிக்கிட்டு ஓடுவாரு."

ராசப்பன் களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

அங்கமுத்து விடவில்லை. "அப்போ தந்தி விலாசம். ஒரே வார்த்தை. ஒரு எடுப்பா இருக்கும்."

"தலை குளிக்கறதுக்குத் தந்தி அடிப்பாங்களா? எங்களுக்குத் தந்தி வந்தா, யாரு செத்துப் போனாங்கன்னு மொதல்ல ஒப்பாரி வெப்பாங்க. கேளுங்க நான் சொல்றதை. இங்கிலீசு ஒரு எழுத்து வேண்டாம். எல்லாம் தமிழு. கொட்டை எழுத்து. கார்டு போடறவங்களுக்கு: மலையடிவாரம், சங்ககிரி துர்க்கம், சேலம் ஜில்லா. படிக்கத் தெரியாதவங்களுக்கு: சங்ககிரிச் சந்தை, திங்கக்கிழமை, புளியமரத்தடி. யாரையாச்சும் விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்குவாங்க. பஸ்ஸுக்காரர்கிட்டச் சொல்லி விட்டாலும் வந்து சேரும்."

அங்கமுத்து சாக்குக் கட்டியால் வண்டியில் அடையாளம் போட்டுக்கொண்டே வந்தார். "நல்லாத்தான் இருக்குது. ரெண்டு வரி. மேல பேரு. பேரு என்னன்னு..." கட்டி நின்றது. குரல் தயங்கியது. "பேரு யாரு பேருங்க போடறது?"

"சௌந்திரம்."

"யாரு சௌந்திரம்?"

"நாந்தேன்."

ராசப்பன் ஒரு எட்டு முன்னால் வந்தான். "அக்கா! என்ன பேசறே? மாமா பேரை நான் சொல்றேன், நான் சொன்னாத் தப்பில்லையே! அதை எழுதச் சொல்லு. பொம்பளை பேரை வண்டியில எழுதி ஊர் ஊரா ஓட்டறதா? சிரிப்பாங்க!"

"யாரு சிரிப்பா?"

"ஊர்ல... ஆம்பளைங்க."

"அவிங்களா என்ற அரப்பை வாங்கறாங்க? மகுடஞ்சாவடிக் கிணத்தடியில என்ற பேரைச் சொன்னாளே, அவ சிரிச்சாளா? இந்தப் பேரு ஒண்ணுதான் என் வாய்க்கு வர்ற பேரு. என்ற சரக்கு நல்லதா இருந்தாலும் கெட்டதா இருந்தாலும் நான் பதில் சொல்லோணும். மண்ணைக் கலந்துபோட்டு இன்னொருத்தன் பேருக்குப் பின்னால நான் ஒளிஞ்சுக்க முடியாது. எவனும் என் பேருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கவும் முடியாது."

"அம்மா, தப்பா நினைக்காதீங்க" என்று அங்கமுத்து இழுத்தார். "பொண்ணு பேர்ல வண்டி நான் எழுதினதேயில்லை. சாமி பேர் எழுதியிருக்கேன். மத்தபடி..."

"நாளைக்குத் திருச்செங்கோட்டுல தேர்ல ஏறி வர்ற சாமி யாருங்க? ஒரு பாதி உடம்பு பொம்பளைதானே? அத்தனை ஆம்பளைங்களும் வடத்தைப் புடிச்சு இழுக்கறீங்கல்ல? அதுக்கு யாரும் சிரிக்கலையே! எழுதுங்க!"

சோடாக் கடைப் பலகைக்குப் பின்னாலிருந்து யாரோ கனைத்தார்கள்.

அங்கமுத்து பிரஷ்ஷை எடுத்தார். முதல் கோட்டை இழுக்கப் போனவர், முணுமுணுத்துக்கொண்டார். "எழுதிப்புட்டு, நாளைக்கு இதையும் மாத்துன்னு வரப்போறாங்க."

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சௌந்திரத்துக்குப் பொங்கிவிட்டது.

"என்ன சொன்னீங்க? மாத்தறதா? தப்பு உங்க பேர்ல! ஒரு பொம்பளை புருஷன் பேரைச் சொல்லமாட்டான்னு தெரியுமில்ல? சந்தேகம்னா என் தம்பி வர்ற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா? மலைச்சாமின்னா ஒரே பேருதானா? வாய்க்கு வந்த பேரைக் கிறுக்கி அனுப்பிச்சு, மூணு மாசமா என்ற பொளப்புல மண்ணள்ளிப் போட்டீங்களே! ஒரு புள்ளை தலைமயிரு போச்சு! என்ற பேரு போச்சு! இத்தனை வருசம் எழுதறீங்க, ஒரு பேரைச் சரியா எழுதத் தெரியாதா?"

அங்கமுத்துவின் முகம் சிவந்தது. பிரஷ்ஷை டப்பாவில் எறிந்தார். பச்சை தெறித்தது.

"போதுங்கம்மா! இருபத்தஞ்சு வருஷமா எழுதறேன். எழுத்துப் பிசகுன்னு இந்தக் கொட்டகைக்கு ஒருத்தன் வந்ததில்லை. தெரியுமா? நீங்க மலைச்சாமின்னதும் எனக்குப் புரிஞ்சுது. எனக்கும் சம்சாரம் இருக்கா. அவளும் என் பேரைச் சொல்லமாட்டா. செங்கோட்டையனா, செங்கோடனா, செங்கோட்டுவேலுவான்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கே வண்டியோட ரிஜிஸ்டர் சீட்டைப் பார்த்தேன். அதுல இருந்த பேரைச் சரியா எழுதினேன். செங்கோட்டையன்னு! ஒரு எழுத்துப் பிசகாம!"

"பொய்!"

"பொய்யா? எழுதிக் காயறதுக்குள்ள மறுநாள் அழிச்சு மாத்தச் சொன்னாங்க. மாத்தினேன். அதுக்குத்தான் மூணு கோட்டிங்!"

சௌந்திரத்தின் குரல் தணிந்தது. தணிந்த குரல்தான் ராசப்பனுக்கு அதிகப் பயம்.

"யாரு வந்து சொன்னது?"

"வெள்ளை ஜிப்பா போட்ட ஒருத்தர். சீட்டுக் கொண்டுவந்து குடுத்தாரு."

"பாத்தியா ராசப்பா! சின்னவன்! அவனேதான்! யாரையோ விட்டு எழுதிக்கிட்டு, அவனே கொண்டாந்து குடுத்து... திருட்டுப் பயல்! என் வாய்தான் தப்புச் சொல்லிருச்சுன்னு ராத்திரியெல்லாம் அழுதேனே!" அங்கமுத்துவிடம் திரும்பினாள். "ஏனுங்க, எவனோ ஒருத்தன் சீட்டைக் காட்டினா மாத்திப் போடுவீங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமில்ல?"

"சொல்ல வேண்டாம்னு அதுலயே எழுதியிருந்துதுங்க. சீட்டை நான் தூக்கி எறியறவன் இல்லை. எழுத்து வேலையில நாளைக்குத் தகராறுன்னு வந்தா கையில அத்தாட்சி இருக்கணும்."

கொட்டகைத் தூணில் வளைத்து அடித்த கம்பி ஒன்று தொங்கியது. வேலை சொல்லி வந்த சீட்டுகளெல்லாம் அதில் குத்திக் கிடந்தன. அங்கமுத்து மேலிருந்தவற்றைத் தள்ளிக்கொண்டே போய், மாசி மாதத்துச் சீட்டு ஒன்றை உருவினார். நாலாக மடித்த பழுப்புக் காகிதம். ராசப்பனிடம் நீட்டினார்.

"படிங்க. உரக்கப் படிங்க. அப்புறம் யார் மேல தப்புன்னு சொல்லுங்க."

ராசப்பன் பிரித்தான். பார்த்தான். மடித்துவிட்டான்.

"என்னடா?" என்றாள் சௌந்திரம்.

"ஒண்ணுமில்லைக்கா. வா, போலாம். எழுத்தை அப்பறம் பாத்துக்கலாம்."

"படி."

"சின்னவரு எழுத்துத்தான். வா."

"அவனுக்குக் கையெழுத்துப் போடறதுக்கு மேல எழுதத் தெரியாதுன்னு நீதானேடா சொன்னே? படி!"

ராசப்பன் நிமிரவில்லை. தினமும் விடிகாலையில் எந்தச் சந்தைக்கு எத்தனை பெட்டி ஏற்றவேண்டும் என்று அவன் கைக்கு ஒரு துண்டுச் சீட்டு வரும். நாலு மாதமாக அந்த எழுத்தைப் பார்க்காத நாளில்லை. கால் முடங்கியதே தவிர எழுதும் கை முடங்கவில்லை.

சீட்டை மறுபடி பிரித்துப் படித்தான்.

"'அங்கமுத்து அவர்களுக்கு. வண்டியில் என் பேர் போட வேண்டாம். தம்பி செங்கோடன் பேர் போடவும். இங்கிலீசில் போட்டால் போதும், வீட்டில் யாரும் படிக்க மாட்டார்கள். சந்தையில் எல்லாரும் அரப்பை அவள் பேர் சொல்லிக் கேட்கிறார்கள். எனக்குத் தலைகாட்ட முடியவில்லை. கார்டெல்லாம் தம்பி கைக்கே போகட்டும். ஒன்றும் வராவிட்டால் அவளே ஓய்ந்து அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். அவளிடம் சொல்ல வேண்டாம்.'"

"கீழே யாரு பேருடா?"

ராசப்பன் சீட்டை அவளுக்குத் திருப்பிக் காட்டினான், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதையும் மறந்து.

"மாமாங்கக்கா."